ஒரு தங்கம், இரண்டு கழுத்து

தாம்சினை யார் பார்த்தாலும் முதலில் அவள் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். முகத்துக்கு வருவது அதற்குப் பிறகுதான். எங்கள் நெதர்கோம் ஊரில் பால் வாங்க வந்தவர், கம்பளி நூல் எடுக்க வந்தவர், கடன் கேட்க வந்தவர், யாராக இருந்தாலும் பேசுவதற்கு முன்னால் கண் ஒரு விரல் கீழே இறங்கி மறுபடியும் மேலே ஏறும். அவளுக்கு அது பழகிவிட்டது. "பாத்தாச்சா? சரி, இப்ப வந்த விஷயத்தைச் சொல்லு" என்பாள்.

அந்தக் கழுத்தை அரசர் தொட்டிருந்தார்.

அவளுக்கு ஒன்பது வயதில் கண்டமாலை வந்தது. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் கொட்டை கொட்டையாக வீக்கம். ஒன்று உடைந்து ஆறுவதற்குள் அடுத்தது புறப்படும். எங்கள் பக்கத்தில் அதை அரசர் நோய் என்றுதான் சொல்வோம். மருந்துக்குப் போகிற நோய் இல்லை அது, அரசர் கைக்குத்தான் போகும். அவள் அப்பா கிரிகரி லஸ்கோம் ஊர்ப் பாதிரியாரிடம் கையெழுத்து வாங்கினார். இந்தப் பெண் இதற்கு முன் அரசர் கை படாதவள் என்று அதில் எழுதியிருந்தது. அதையே ஆலயப் பதிவேட்டிலும் எழுதிவைத்தார்கள். ஒருமுறை தொட்டவரை மறுமுறை தொடமாட்டார்கள், அதற்குத்தான். பிறகு அப்பாவும் மகளும் லண்டனுக்கு நடந்தார்கள். பன்னிரண்டு நாள்.

நான் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர். அந்தக் கதையை அவளிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். குணமாக்கினது எது? அரசர் கையா, அப்போது வாசித்த வேதமா, கழுத்தில் போட்ட தங்கமா?

"அரசர் எப்படிடி இருந்தாரு?" என்று கேட்பேன்.

"மார்ஜரி, நூறு தடவை சொல்லிட்டேன். மொகத்தை நான் பாக்கவே இல்லை. தலையை நிமித்தாதேன்னு அரசரோட மருத்துவர் சொல்லியிருந்தாரு. மொழங்கால் போட்டுக்கிட்டுப் போனேன். சரிகைக் கை தெரிஞ்சுது. ரெண்டு கையாலயும் ரெண்டு கன்னத்தையும் தடவிக் கழுத்துக்கு எறக்குனாரு."

"கை சூடா, குளிர்ச்சியா?"

"ஈரம். எனக்கு முன்னாடி அறுபது பேரு. அத்தனை பேரு கழுத்தும் அந்தக் கையில இருந்துச்சு."

"அய்ய!"

"நீ கேட்டே, நான் சொன்னேன்."

பாதிரியார் ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் ஒரே வசனத்தை வாசித்துக்கொண்டிருந்தாராம். எல்லாரையும் தொட்டு முடித்ததும் மறுபடி வரிசை. அப்போதுதான் தங்கம். சின்ன வட்டம், நடுவே துளை, வெள்ளை ரிப்பன். ஒரு பக்கம் பறக்கும் நாகத்தைக் குத்தும் தேவதூதர், மறுபக்கம் கப்பல். அதை அரசரே கழுத்தில் மாட்டினார். நாற்பதாவது நாள் அவளுக்குக் கழுத்து காய்ந்துவிட்டது. வலது பக்கம் சுருங்கின தோல் மட்டும் இருக்கும், பழைய ஆப்பிள் மாதிரி.

அதன்பிறகு அந்தத் தங்கம் அவள் உடம்பை விட்டு இறங்கியதில்லை. குளிக்கும்போதும், காய்ச்சலில் கிடந்தபோதும், கல்யாணத்தன்றும். காரணம் இருந்தது. ஆற்றுக்கு அந்தக் கரையில் எலியாஸ் சக் என்று ஒருவன், அவனும் அரசர் தொட்டவன்தான், ஆப்பிள் கள் விற்கிற சைடர் கடையில் தன் தங்கத்தைக் கழற்றிக் கொடுத்துக் குடித்தான். அது ஒரு சனிக்கிழமை. புதன்கிழமை கழுத்தில் கட்டி வந்துவிட்டது. அடுத்த ஆப்பிள் அறுவடைக்கு அவன் இல்லை. அவன் அம்மா அழுத அழுகையை நானே கேட்டேன். ஆகையால் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று என்னிடம் யாரும் வரவேண்டாம்.

ரிப்பன் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மக்கிப்போகும். கம்பளிப் பிசுக்கும் வேர்வையும் எதைத்தான் விட்டுவைக்கும்? அதை மாற்றுவது என் வேலை. பழையதை வெட்டிவிட்டுப் புதியதைப் போட முடியாது, நடுவில் தங்கம் கீழே வந்துவிடும். அதனால் பழையது கழுத்தில் இருக்கும்போதே அதே துளையில் புதிய ரிப்பனைக் கோத்து, அவள் தலை வழியாக மாட்டித் தைத்து முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் பழையதை வெட்டுவேன்.

தாம்சினுக்கு முப்பது வயது நெருங்கும்போது கூரை வேய்கிற அம்புரோஸ் டாப்ஸ்காட்டைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு முதல் மனைவி இறந்து இரண்டு வருஷம். எட்டு வயதில் வில்மட் என்று ஒரு பெண். அந்தப் பெண் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டது.

"எனக்கு அம்மா இருந்தாங்க. நீ தாம்சின்."

"சரி, தாம்சின்னே கூப்பிடு. கூப்பிட்ட பேருக்கு வருவேன்" என்றாள் இவள்.

கிறிஸ்துமஸ் முடிந்து பதினைந்து நாளில் வில்மட்டின் தாடைக்குக் கீழே ஒரு கட்டி தெரிந்தது. முதலில் கொட்டைப்பாக்கு அளவு. அந்த மாதக் கடைசியில் கோழிமுட்டை. விழுங்கினால் வலி. பார்லி ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாலும் பாதியைத் துப்பிவிடும். அது என்ன நோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமலும் இல்லை.

பழைய நாளாக இருந்தால் கையெழுத்து வாங்கி லண்டனுக்கு நடந்திருப்பார்கள். அப்போது கடல் கடந்து வந்திருந்த புது அரசர் யாரையும் தொடுவதில்லை. அவருக்கு அதில் நம்பிக்கை இல்லையாம். சுற்றியிருந்த நாலு ஊருக்கும் மிச்சம் இருந்தது ஒரே தங்கம். அது தாம்சின் கழுத்தில் இருந்தது.

கிணற்றடியில் பேச்சு ஆரம்பித்தது.

"பெத்த புள்ளையா இருந்தா இந்நேரம் கழட்டிப் போட்டிருப்பா."

"கழட்டுனா அவளுக்குத் திரும்பிடுமே?"

"அதான் சொல்றேன். பெத்த புள்ளையா இருந்தா அதைப் பாப்பாளா?"

தாம்சின் வாளியோடு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் எடுத்தாள், போனாள். அம்புரோஸ் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கொடுமை. கேட்டிருந்தால் சண்டை போடலாம். அவன் சாப்பிட்டுக்கொண்டே மனைவியின் கழுத்தைப் பார்ப்பான், பிறகு மகளின் கழுத்தைப் பார்ப்பான், பிறகு கூரையில் ஏதோ பழுது இருப்பதுபோல் அண்ணாந்து உட்கார்ந்திருப்பான்.

நாற்பது நாள் நோன்பு தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை. வீட்டுக்கு வீடு அப்பம் சுடுகிற நாள். அன்றைக்குத்தான் நான் ரிப்பன் மாற்றுவது வழக்கம். புதியதைக் கோத்துவிட்டேன், அவள் தலையில் மாட்டவில்லை. அப்போது பழைய வளையம் அவள் கழுத்தில், புதிய வளையம் என் கையில், தங்கம் இரண்டுக்கும் நடுவில். வில்மட் கணப்புப் பக்கத்தில் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தது.

தாம்சின் என் கையில் இருந்த வளையத்தையே பார்த்தாள். அப்பம் தீய்கிற வாசனை வந்தது, எழுந்திருக்கவில்லை.

"மார்ஜரி, அதுக்குள்ள ஒரு தலை போகுமா?"

"உன் தலை போறதுதானே?"

"என் தலை இல்லை."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒரு தங்கம், இரண்டு வளையம், இரண்டு கழுத்து. இவள் கழற்றவும் வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு இல்லையென்று சொல்லவும் வேண்டாம். நாற்பது நாள் ஒட்டிக்கொண்டு இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

"எனக்கு வேணாம் உன் தங்கம்" என்றது வில்மட்.

"உனக்கு யாருடி குடுத்தா? என் கழுத்துல இருந்து ஒரு அங்குலம் நகராது. நீதான் பக்கத்துல வந்து நிக்கப்போறே."

"நான் கடிப்பேன்."

"கடி. கடிக்க வாயைத் தொறந்தா வலிக்கும்ல, அதையும் பாத்துக்க."

மறுநாள் சாம்பல் புதன். நெற்றியில் பூசுகிற பழக்கமெல்லாம் எங்கள் ஆலயத்தில் போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் தைத்தேன். ஒரு பழைய ரிப்பனுக்குப் பதில் இரண்டு புதிய ரிப்பன்கள். தங்கம் இரண்டு பேர் தோலிலும் படவேண்டும் என்றால் ரிப்பன் குட்டையாக இருக்கவேண்டும். அதனால் ஒரு முழத்துக்கு மேல் அவர்களால் விலக முடியாது. அம்புரோஸ் வந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"கல்யாணம் பண்ணது நான், கட்டிக்கிட்டது அவளையா? நான் எங்கே படுக்கறது?"

"பரண்ல. உனக்குக் கூரை புதுசா?" என்றேன் நான்.

முதல் வாரம் அந்த வீட்டில் நடந்ததை மண்சுவர் வழியாகக் கேட்டே நான் பாதி நாளைக் கழித்தேன். தாம்சின் பெரிய ராட்டையில் நூற்பவள். அதில் உட்கார்ந்து நூற்க முடியாது. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறுகையில் கம்பளியைப் பிடித்தபடி பின்னாலேயே ஆறு அடி நடக்கவேண்டும், நூல் நீளும். அதைக் கதிரில் சுற்ற மறுபடி முன்னால் ஆறு அடி. நாள் முழுக்க அப்படி நடக்கவேண்டும். இப்போது கழுத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கவேண்டும். இவள் பின்னால் போனால் அது முன்னால் இழுக்கும். இவள் நின்றால் அது இடித்துக்கொள்ளும். நூல் அறும்.

"ஏண்டி, ஆறடி எண்ணத் தெரியாதா?"

"உன் அடி பெருசு!"

"அப்ப ஒன்பது எண்ணு!"

மூன்றாவது நாள் வில்மட் சொன்னபடியே கடித்தது, முழங்கைக்கு மேலே. தாம்சின் எனக்கு அந்தத் தடத்தைக் காட்டினாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத இடம்கூடத் தெரிந்தது. "நல்லா வாயைத் தொறந்திருக்கா பாரு. போன வாரம் இவ்வளவு தொறக்க முடியலை" என்றாள். அவளுக்கு அதில் சந்தோஷம்.

இரண்டாவது வாரம் கடைசியில் சுவருக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் மாறியது. முன்பெல்லாம் தடதடவென்று இருக்கும். இப்போது நீளமாக ஆறு, குட்டையாக ஒன்பது, இரண்டும் ஒன்றாக நின்றன. நூல் அறுகிற ஏச்சுப் பேச்சு இல்லை. போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடந்தார்கள். காலுக்கு மட்டும் உடன்பாடு ஏற்பட்டிருந்தது.

கட்டி மட்டும் அப்படியே இருந்தது. சிவந்து, கல்லாக.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஆலயத்துக்கு வந்தார்கள். எங்கள் பழைய பாதிரியார் புது அரசருக்குச் சத்தியம் செய்ய மறுத்துப் போய்விட்டார். வந்தவர் இளவயதுக்காரர், படித்தவர், அரசர் தொடுகிற பேச்சை எடுத்தாலே மூக்கைச் சுளிப்பவர். வாசலிலேயே நிறுத்தினார்.

"என்னம்மா இது, ஏர்ல பூட்டின மாதிரி? ஆண்டவரை நம்பணும். உலோகத்தை நம்பக் கூடாது."

"ஆண்டவரை நம்பித்தான் சாமி வந்திருக்கோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மொழங்கால் போட்டா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?"

அவர் வழிவிட்டார். அவர் பிரசங்கம் செய்யும்போது கண் எங்கே போயிற்று என்று நான் கவனித்தேன். ஒரு விரல் கீழேதான் போயிற்று.

நோன்பு நாற்பது நாள் என்றால் ஞாயிறு கணக்கில் வராது என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஞாயிறு ஆண்டவருடைய நாள், அன்றைக்கு நோன்பு இல்லை. அதே கணக்கைத்தான் நாங்கள் தங்கத்துக்கும் வைத்துக்கொண்டோம். வில்மட் கணப்புச் சுவரில் தினமும் ஒரு கரிக்கோடு போட்டது, ஞாயிறு தவிர்த்து. குருத்தோலை ஞாயிறு வந்தபோது முப்பத்துநாலு கோடு. இன்னும் ஆறு.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கல்லறைத் தோட்டம் வழியாக வெளியே வந்தோம். மழை பெய்து முழங்கால் உயரப் புல் நனைந்திருந்தது. ஆலைக்காரர் மகன் சுவரில் உட்கார்ந்துகொண்டு கத்தினான்.

"டேய், டாப்ஸ்காட்டோட ரெட்டைமாடு வருதுடா! எந்த மாட்டுக்கு வியாதி, எந்த மாட்டுக்கு இல்லை?"

வில்மட் கல்லை எடுக்கவில்லை, திட்டவில்லை. நேராக அவன்மேல் பாய்ந்தது. தன் கழுத்தில் ஒருத்தி இருப்பதையே அது மறந்துவிட்டது. இரண்டு ரிப்பனும் ஒரே நேரத்தில் அறுந்தன. தங்கம் புல்லுக்குள் போயிற்று.

கூட்டம் முழுக்க அசையாமல் நின்றது. யாரும் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை, மிதித்துவிட்டால் என்ன ஆகுமோ என்று. உலோகத்தை நம்பாதே என்று சொன்ன பாதிரியார்கூட ஒரு காலைத் தூக்கியபடி கொக்குமாதிரி நின்றார். தாம்சின் கழுத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். இருபது வருஷத்தில் முதல்தடவையாக அங்கே ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் இருந்த பயத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

வில்மட் மண்டிபோட்டுப் புல்லைக் கையால் அளைந்தது. ஈரமண்ணோடு தங்கத்தை எடுத்தது. எடுத்து யாருக்கு வைத்தது தெரியுமா? கட்டி இருக்கிற கழுத்து அதனுடையது. எட்டு வயதுப் பெண், விழுங்க முடியாமல் இரண்டு மாதம் அழுதது. அது எழுந்து ஓடிவந்து, தாம்சினுடைய கையைத் தட்டிவிட்டு, அவள் தொண்டைக்குழியில் அந்தத் தங்கத்தை இரண்டு கட்டைவிரலாலும் வைத்து அழுத்தியது.

"உனக்கு வந்துரும்! உனக்கு வந்துரும்! யாராச்சும் ரிப்பன் குடுங்களேன்!"

"மூச்சு விட விடுடி" என்றாள் தாம்சின். கண்ணில் தண்ணீர் ஓடியது.

என் தொப்பியின் நாடாவை அவிழ்த்து அங்கேயே கட்டினேன். அதற்குப் பிறகுதான் சண்டை. கல்லறைகளுக்கு நடுவில் நின்று ஊரே வாதாடியது. தங்கம் தரையில் விழுந்துவிட்டதே, முப்பத்துநாலும் போயிற்றா?

அம்புரோஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். அவனுக்குப் பரணிலிருந்து இறங்கவேண்டும், வேறென்ன?

"இன்னைக்கு ஞாயிறு. ஞாயிறு கணக்குல இல்லை. கணக்குல இல்லாத நாள்ல விழுந்தது எப்படிக் கணக்காகும்? நாளைக்கு முப்பத்தஞ்சு. ஆறு நாள்ல முடிஞ்சுது."

பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாதிரியாரும் தாடையைத் தடவிக்கொண்டு, "யோசிச்சா அதுல ஒரு நியாயம் இருக்கு" என்றார். நான் விடவில்லை.

"சாமி, ஞாயித்துக்கெழமை ஒருத்தன் மரத்துல இருந்து விழுந்தா கால் ஒடியாதா? விழுந்தது விழுந்ததுதான். ஒண்ணுல இருந்து."

"மார்ஜரிக்கென்ன, அவளா பரண்ல படுக்கறா?" என்றான் அம்புரோஸ்.

"நீ பரண்ல செத்தாலும் ஒண்ணுல இருந்துதான்."

இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் என் பேச்சினால் தீர்ந்தது என்று சொன்னால் பொய். தாம்சின் வில்மட்டைப் பார்த்தாள். "ஆறா, நாப்பதா? கழுத்து உன்னது, நீ சொல்லு" என்றாள்.

அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ச் சுவரில் இருந்த முப்பத்துநாலு கோட்டையும் ஈரத்துணியால் துடைத்தது. மறுநாள் காலை நான் ரிப்பன் தைக்கப் போனபோது தானே தலையை வளையத்துக்குள் விட்டது. "ஒண்ணு" என்றது.

அடுத்த வாரம், உயிர்த்தெழுந்த பண்டிகை முடிந்த புதன்கிழமை, கட்டி உடைந்தது. நாற்றம் என் வீட்டுக்கு வந்தது. இரண்டு பேர் துணியும் வீணாயிற்று. ஒரு முழ ரிப்பனில் தாம்சின் எங்கே ஒதுங்குவாள்? சேஜ் மூலிகை இலை கொதிக்கவைத்த தண்ணீரில் அவளே கழுவினாள், ஒரு நாளைக்கு நாலு தடவை. அந்தச் சீழ் தன் கழுத்தில் படுகிறதே என்று அவள் நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்தேன். ஐந்தாவது வாரம் வில்மட் கொழுப்போடு பன்றிக்கறித் துண்டைக் கடித்து விழுங்கியது. அம்புரோஸ் வெளியே போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான், அழுவது தெரியக்கூடாது என்று.

நாற்பதாவது கோடு வந்த நாள் ஆண்டவர் விண்ணேறிய வியாழக்கிழமை. நாங்கள் பார்த்து வைத்ததில்லை, கணக்கு தானாக அங்கே வந்து நின்றது. ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும் என்று நான் சொன்னதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

கத்தரிக்கோலோடு போனேன். போன பிறகுதான் உறைத்தது. எந்த வளையத்தை வெட்டுவது?

"என்னுதை வெட்டுங்க. எனக்குக் காஞ்சு போச்சு, பாருங்க" என்றது வில்மட். காய்ந்துதான் இருந்தது. புதுத்தோல் இளஞ்சிவப்பாக, பளபளவென்று.

"காஞ்சு மூணு வாரம் ஆகலை. எனக்கு இருபது வருஷம். என்னுதை வெட்டு மார்ஜரி."

"எலியாஸுக்கும் பல வருஷம் ஆயிருந்துச்சு. அவங்க சொல்றதைக் கேக்காதீங்க அத்தை!"

"அவன் குடிக்கறதுக்குக் கழட்டுனான்."

"நோய்க்கு அது தெரியுமா?"

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். தாம்சின் எட்டி என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினாள். தாடையை நிமிர்த்தி, பார்க்காமலே, தன் பக்கத்தில் வெட்டினாள். வெள்ளை ரிப்பன் மடியில் விழுந்தது. தங்கம் ஊசலாடி அந்தப் பெண்ணின் நெஞ்சில் போய் நின்றது.

"சரி, அவ்வளவுதான். ராட்டை காத்துக்கிட்டிருக்கு" என்றாள். ஆறடி பின்னால் போனாள். அடி கொஞ்சம் குட்டையாகவே இருந்தது, பழக்கம் விடவில்லை.

அப்புறம் ஊருக்கு வேறு வேலை இல்லை. எல்லாரும் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். எல்லாரையும்விட அதிகம் பார்த்தது வில்மட்தான். பார்ப்பதோடு நிற்காமல் விரலால் தடவிப் பார்க்கும், தினமும் காலையில், கோழிக்குத் தீனி போடுவதற்கு முன்னால். புதன்கிழமை போயிற்று, அடுத்த புதன் போயிற்று, ஒன்றும் வரவில்லை. புல் அறுவடை, ஆப்பிள் அறுவடை, ஒன்றும் இல்லை. நவம்பரில், புனித மார்ட்டின் திருநாள் வாரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அலறல்.

ஓடினேன். இடது காதுக்குக் கீழே, தோலுக்கு உள்ளே, பட்டாணி அளவில் ஒன்று. நானும் தொட்டுப் பார்த்தேன். உருண்டது. வில்மட் ஏற்கெனவே ரிப்பனைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டது. தாம்சின் அதன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து நிறுத்தினாள்.

"கழுத்துலயே போடு. நான் சொல்றேன், போடு."

"வந்துருச்சு! நான்தான் சொன்னேனே!"

"பட்டாணி வந்திருக்கு. பட்டாணிக்கு யாராவது ராஜாவைக் கூப்பிடுவாங்களா? முட்டையாகட்டும், பாத்துக்கலாம்."

மாதாமாதம் தங்கத்தைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பெண் சண்டை போட்டது. மாதாமாதம் இவள் இதையே சொன்னாள். பட்டாணி முட்டையாகவில்லை. கரையவும் இல்லை. என் கேள்வி இன்னும் மோசமாயிற்று. தங்கத்தில்தான் குணம் என்றால், அது போன பிறகு நோய் ஏன் முழுதாக வரவில்லை? தங்கத்தில் இல்லை என்றால், பட்டாணி ஏன் வந்தது? ஊர் ஊராகப் போகிற மருத்துவர் ஒருவர் இந்த வழியாகப் போனபோது, இந்த நோய் தானாக வரும் தானாகப் போகும் என்றார். தானாக என்றால் என்ன என்று கேட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த அரசருக்குப் பிறகு இப்போது அரசியார் ஆட்சி. அவர் மறுபடியும் நோயாளிகளைத் தொடுகிறாராம். அந்த அறிவிப்பை ஆலயத்தில் வாசித்தது யார்? அதே பாதிரியார்தான், முடி நரைத்து. ஊரே இருமியது. ஆராதனை முடிந்ததும் அவர் தாம்சினிடம் வந்தார்.

"நீங்களும் போய் வாங்கம்மா. நான் எழுதித் தர்றேன்."

"முன்னாடி அரசர் கை படாதவள்னு எழுதணுமே சாமி?"

"அந்தப் பழைய பதிவேட்டை எலி கடிச்சுடுச்சு. உங்க பக்கமும் போயிருக்கு."

"எலிக்குத் தெரியாட்டி என்ன, என் கழுத்துக்குத் தெரியுமே. வேற யாருக்காவது எழுதிக் குடுங்க. சின்னப் புள்ளைக யாராவது இருப்பாங்க."

வில்மட் கல்யாணம் ஆகி மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறாள். தாடைக்குக் கீழே ஒரு தழும்பு, வேறொன்றும் இல்லை. இன்னும் தாம்சின் என்றுதான் கூப்பிடுகிறாள். மற்றவர்கள் யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபம் வருகிறது. மாதம் ஒருமுறை வருவாள். வாசலில் சேற்றுக் காலணியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஒரு விரல் தாம்சினின் இடது காதுக்குக் கீழே போகும். போன ஞாயிறும் அப்படித்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

"எப்படிடி இருக்கு?" என்றாள் தாம்சின்.

"அப்படியேதான் இருக்கு."

"உன்னுது?"

தாம்சின் விரல் அதற்குள் வில்மட்டின் தழும்பில் இருந்திருக்கும்.

"சரி, வா, சாப்பிடு" என்றாள்.